சங்கு ஊதும் ஊரில் தூக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

தூக்கம் வரவில்லை என்று யாராவது வந்தால், போனைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வோம். உக்ரைனில் அப்படிச் சொல்ல வாய் வராது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதிலிருந்து அங்கே போன்தான் அபாயச் சங்கு. வான்தாக்குதல் எச்சரிக்கைக்கென்றே ஒரு செயலி இருக்கிறது. போன் சைலண்டில் கிடந்தாலும் அது அலறும். இப்படிப்பட்ட ஊரில் தூக்கமின்மைக்குச் செயலி வழியாகச் சிகிச்சை கொடுப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

அலறினால் கீவ் நகரத்தில் சிலர் மெட்ரோ நிலையத்துக்கு இறங்குகிறார்கள். அங்குள்ள அர்செனால்னா நிலையம் தரைக்குக் கீழே 105 மீட்டர். மற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு சுவர் விதியைக் கடைப்பிடிக்கிறார்கள். வெடிப்பின் வேகத்தை முதல் சுவர் தாங்கும், சில்லுகளை இரண்டாவது சுவர் தடுக்கும் என்பது கணக்கு. அதனால் ஜன்னல் இல்லாத நடைவழியிலோ குளியலறையிலோ பாயும் தலையணையும். ரஷ்யாவில், உக்ரைனின் எந்த மூலையையும் எட்டும் ஏவுகணையைச் சுமக்கும் மிக்-31கே போர் விமானம் ஒன்று மேலே கிளம்பினாலே போதும், நாடு முழுக்கச் சங்கு ஊதும். பல நேரம் அதற்குப் பிறகு எதுவும் நடப்பதில்லை. ஆனால் தூக்கம் போனது போனதுதான்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் மருந்து மாத்திரை இல்லை. தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான் முதலில் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இதைச் செயலி வழியாகவும் கொடுக்கலாம். அப்படிப்பட்ட 'ஸ்லீப்பியோ'வைப் பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2022-இல் பரிந்துரைத்தது. ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு போனவர்களுக்குத் தங்கள் மொழியில் பேசும் சிகிச்சையாளர் எங்கே கிடைப்பார்? செயலி கூடவே வரும்.

சரி, ஆனால் இந்தச் சிகிச்சை அமைதியான படுக்கையறைக்காக உருவானது. தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ என்பது 1972-இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் சொன்ன வழி. எந்த அறைக்குப் போவது? படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறை என்பது 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் வெளியிட்ட முறை. ஏற்கெனவே நாலு மணி நேரம்தான் தூங்கி, காலையில் லாரி ஓட்டப் போகிறவரிடம் இதைச் சொல்வது ஆபத்து. அவருக்குப் படுக்கை நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். பகலில் குட்டித் தூக்கம் கூடாது என்ற விதியையும், சங்கு ஊதிய இரவுக்கு அடுத்த நாள் நான் தளர்த்திவிடுவேன்.

நான் முக்கியமாக நினைப்பது, எப்போது படுத்தோம், எப்போது தூங்கினோம் என்று தினமும் குறித்துவைக்கும் தூக்க நாட்குறிப்பை. ஒருவர் 11 மணிக்குப் படுக்கிறார். 2 மணிக்குச் சங்கு. 4 மணிக்கு ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு. ஆனால் அவர் கண் மூடியது ஐந்தரைக்கு. நடுவில் என்ன செய்தார்? எந்த ஏவுகணை எங்கே போகிறது என்று டெலிகிராம் சேனல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். இதில் சங்கு ஊதியதிலிருந்து ஆபத்து நீங்கியதுவரை இரண்டு மணி நேரம் போர் எடுத்தது. அதற்கு எந்தச் செயலியாலும் ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான் நம் கைக்கு எட்டுவது. வழக்கமான நாட்குறிப்பு இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு, 'உங்கள் தூக்கம் மோசம்' என்று மதிப்பெண் கொடுத்துவிடும். பாவம், அவர் என்ன செய்வார்? போருக்கான செயலியில் சங்கு நேரத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும், அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

பயத்தோடு வாதாடுவதையும் விட்டுவிடலாம். 'நீங்கள் நினைப்பது நடக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்பது இந்தச் சிகிச்சையின் பழக்கம். அங்கே பக்கத்துத் தெருவிலேயே நடந்திருக்கிறது. அதற்குப் பதில், சங்கு ஊதினால் யார் குழந்தையைத் தூக்குவது, பை எங்கே, எந்த ஆபத்துக்குக் கீழே இறங்குவது என்பதையெல்லாம் சாயங்காலமே பேசி முடித்துவிட்டால் நள்ளிரவில் யோசிக்க வேண்டியது குறையும். ஆபத்து நீங்கியதும் எச்சரிக்கைச் செயலியை மட்டும் விட்டுவைத்து மற்ற அறிவிப்புகளை அணைப்பது. காலையில் முடிந்தவரை ஒரே நேரத்தில் எழுந்திருப்பது. அப்புறம், மின்சாரமும் இணையமும் இல்லாதபோதும் பாடங்கள் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் செயலி இருந்தும் பயனில்லை.

கெட்ட கனவில் அலறி எழுகிறவர்கள், குண்டு விழுந்த நொடியைத் திரும்பத் திரும்பக் காண்கிறவர்கள், வாழப் பிடிக்கவில்லை என்கிறவர்கள், இவர்களைச் செயலியிடம் விட்டுவிடக் கூடாது. முதல் நாளிலேயே நாலைந்து கேள்வி கேட்டு, இவர்களை ஓர் ஆளிடம், அதாவது மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ, தொலைபேசியிலாவது சேர்த்துவிடும் ஏற்பாடு அதற்குள் இருக்க வேண்டும்.

வணக்கம்.