வலிப்புக்குக் கதிர்வீச்சு: ஒரு நாள் சிகிச்சை, ஓராண்டுக் காத்திருப்பு

(காட்சி: பல்லடம் அருகே ஒரு விசைத்தறிக் கூடம்)

தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே தறித் தொழிலாளி ஒருவர் அசையாமல் நின்று, வெறித்த பார்வையுடன் சப்புக்கொட்டுகிறார். விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கின்றன. சற்று நேரத்தில் தெளிகிறார். நடந்தது எதுவும் நினைவில் இல்லை. கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நம் ஊர்ப்பக்கம் எண்ணுகிறோம், கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். இதுவும் வலிப்புதான், இரும்பு எந்த வலிப்பையும் நிறுத்துவதில்லை.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காக உட்கொண்டும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு எனப்படும். வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்நிலையில் இருக்கிறார். எம்.ஆர்.ஐ. படம், நோயாளியைப் படம்பிடித்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதியும் வீடியோ இ.இ.ஜி. ஆகியவற்றின் மூலம் வலிப்பு கிளம்பும் இடம் தெளிவாகத் தெரிந்தால், அதை அறுவை செய்து அகற்றலாம்.

(காட்சி: தலைச் சட்டகம், அண்மையில்)

மண்டையோட்டைத் திறக்காமல் கதிர்வீச்சால் அவ்விடத்தைக் குறிவைப்பதே காமா நைஃப். ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த கருத்து, 1968இல் கருவியாகச் செயலுக்கு வந்தது. நெற்றியில் இரண்டு, பின்னந்தலையில் இரண்டு என மரத்துப்போக ஊசி போட்டு, உலோகச் சட்டகத்தைத் திருகிப் பொருத்துவார்கள். கோபால்ட்-60 உமிழும் ஏறத்தாழ 200 கதிர்களும் தனித்தனியே வலுக்குறைந்தவை. அவை கூடும் புள்ளியில் மட்டுமே வீரியம் மிகுகிறது. பெரும்பாலும் மறுநாளே வீடு திரும்பலாம்.

(காட்சி: இரு நெடுவரிசைகள், 52 மற்றும் 78)

நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளை மடலில் எழும் வலிப்புக்கு, 58 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. மூன்றாம் ஆண்டில் வலிப்பின்றி இருந்தவர்கள் கதிர்வீச்சில் 52 சதவீதம், அறுவையில் 78 சதவீதம். இந்த எண்களைச் சொல்லாமல் ‘கத்தியில்லாத சிகிச்சை’ என்று மட்டும் சொல்வது நியாயமாகாது என்பதே என் கருத்து. ஆயினும் அறுவைக்கு உடல் இடம் கொடுக்காதவர்களுக்கும், வலிப்பு கிளம்பும் இடம் மூளையின் ஆழத்தில் இருப்பவர்களுக்கும் இது மெய்யான வழி.

குடும்பத்தார் தவிக்கப்போவது அதன் பிறகுதான். பலன் தெரிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். இடையில் சிலருக்கு மூளைத்திசு வீங்கித் தலைவலி வரும், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து தேவைப்படும். வலிப்புக்கு முன்னறிகுறியாக வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும் உணர்வும் சிறிது காலம் கூடலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அப்போது மனம் உடைந்துவிட வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். வலிப்பு வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பலன் தெரியும்வரை பைக் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, தோட்டத்தில் மோட்டார் போடக் கிணற்றடிக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள்.