ஏழை சொல்லும் அம்பலமும்

(கூட்டுறவுச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, மழையையும் பாராது முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே (என் தமிழில் பிழை கண்டால் மேடையிலேயே திருத்திவிடுவார் என்பதால் அவருக்குத் தனி வணக்கம்), சிக்கனக் கடனுதவுச் சங்கங்களின் தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம்.

சர்வதேச நாணய நிதியத்தை எவ்வாறு திருத்துவது என்பது பற்றி வாக்கு, வேகம், வட்டி ஆகிய மூன்று தலைப்புகளில் பேச எண்ணியிருக்கிறேன்.

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அத்திவாரம் இட்டபோது இலங்கை சுதந்திர நாடல்ல. ஆபிரிக்காவின் பெரும்பகுதியும் அப்படித்தான். அன்று எழுப்பிய அம்பலத்தில் பணத்தின் அளவே வாக்கின் அளவு. அமெரிக்காவிடம் ஏறத்தாழ 16.5 சதவீத வாக்குகள் உள்ளன. முக்கிய தீர்மானங்களுக்கு 85 சதவீதம் தேவை என்பதால், அந்த ஒரு நாடு தலையசைக்காமல் அங்கே முக்கியமான எதுவும் மாறாது. இலங்கையின் வாக்குப் பங்கு 0.14 சதவீதம். 2021 ஆகஸ்டில் 650 பில்லியன் டொலர் பெறுமதியான சிறப்பு எடுப்புரிமைகளை, அதாவது நிதியம் தானே உருவாக்கி உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கும் கையிருப்புச் சொத்தை, பகிர்ந்தபோதும் இதே கணக்குத்தான். ஆபிரிக்கா முழுவதற்கும் கிடைத்தது ஏறக்குறைய 33 பில்லியன். 2024 நவம்பரில் சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளுக்கு நிறைவேற்றுச் சபையில் மூன்றாவது ஆசனம் கொடுத்தார்கள். கதிரை கூடியது, வாக்கு கூடவில்லை.

வேகத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாம் நிறுத்தினோம். ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு நிதியம் ஒப்புதல் அளித்தது 2023 மார்ச்சில். கடன் சுமையைக் குறைப்பதாகக் கடன் கொடுத்த நாடுகள் உறுதிமொழி தரும்வரை நாம் மண்ணெண்ணெய்க் கலனோடு வரிசையில் நின்றோம்.

இந்த இடத்தில் என் மாமியின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. வெங்காயச் செய்கைக்கு நீரிறைக்கும் இயந்திரம் வாங்க அவர் ஒரு வங்கிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். பதினொரு பக்கப் படிவம், அத்தனையும் ஆங்கிலம். முகாமையாளர் நல்ல மனிதர், தேநீர்கூடத் தந்தார். பென்சிலால் சிறு சிறு புள்ளடி போட்டு, “அம்மா, இந்த இடங்களில் மட்டும் கையெழுத்து வையுங்கோ” என்றார். மாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொன்றாகப் புரட்டி, “தம்பி, இதிலை நான் எங்கை இருக்கிறன்?” என்று கேட்டார். அவர் புள்ளடியைக் காட்டினார். “அது நான் வைக்கப்போற கையெழுத்து. நான் எங்கை?” என்றார் மாமி. அவரிடம் பதில் இல்லை. மாமி கையெழுத்திட்டார், வேறு வழியில்லை. இரண்டு போகம் மழை பொய்த்த பிறகுதான், தவணை பிந்தினால் வட்டி ஏறும் என்ற வரி ஏழாம் பக்கத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியவந்தது.

நாணய நிதியத்தின் பணிமொழியும் ஆங்கிலமே. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது நம் அரசு, வங்கிகளிடமிருந்த பிணைமுறிகளை (அரசு கடன் வாங்கிக் கொடுத்த பத்திரங்களை) தொடாமல், ஊழியர் சேமலாப நிதியத்திடமிருந்த முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றச் செய்தது. மாற்றாவிட்டால் முறிகளின் வருமானத்துக்கு 30 சதவீத வரி. ஆடைத் தொழிற்சாலையில் நின்றும் மலையில் கொழுந்து பறித்தும் சேர்த்த ஓய்வுகாலப் பணம் அது. அந்தத் தொழிலாளியும் ‘இதில் நான் எங்கே’ என்று கேட்டிருப்பார். ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை. நிதியத்தின் தலைமையகம் இருக்கும் வொஷிங்டனில் வாக்குப் பங்கீடு மாற இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகுமோ. ஆனால் கடன் நிபந்தனைகள் முழுவதையும், அமைச்சரவை ஒப்புதல் கொடுப்பதற்கு முன்பே, தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கும்படி நம் அரசைக் கேட்க எவருடைய வாக்கும் தேவையில்லை. மூன்று ஆண்டுகளாக நான் மேடைதோறும் கேட்பது இதைத்தான்.

வட்டி பற்றிப் பேச வேண்டும். அதிகம் கடன்பட்ட நாடுகளிடம் நிதியம் மேலதிகக் கட்டணமும் அறவிடுகிறது என்பதோடு நிறுத்துகிறேன், தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

வாசலருகே உள்ள மேசையில் இந்தக் கோரிக்கை மனு இருக்கிறது; பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஒரே பக்கம், தமிழில்தான் எழுதியிருக்கிறோம். முழுவதும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். புள்ளடி எதுவும் போடவில்லை.