ஆர்பத்நாட் முதல் ஆருத்ரா வரை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மோசடி வழக்கு என்று பேச்செடுத்தாலே "பேராசை பெருநஷ்டம்" என்று சொல்லி எழுந்துபோய்விடுகிறோம். பணம் போனவரையே கூண்டில் ஏற்றுகிற பேச்சு அது. அதில் பாதிதான் உண்மை. நம்மூரில் 116 ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரிய நிறுவனங்கள் கவிழ்ந்தன. ஒன்றில் ஜனங்களைக் கெடுத்தது ஆசை. இன்னொன்றில் ஆசைப்படவே தெரியாதவர்கள், நம்பிக்கையால் கெட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பரிசோதனை போதும் என்று நினைப்பதால்தான் படித்தவர்களும் மாட்டுகிறார்கள்.

முதலில் பக்கத்தில் நடந்தது. அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங். 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் போலீஸ் சொல்கிறது. சொன்ன வட்டி மாதம் 25 முதல் 30 சதவீதம். கவனியுங்கள், வருடத்துக்கு அல்ல, மாதத்துக்கு.

இந்த 30 சதவீதத்தை ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, 100 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கட்டுகிறார்கள். கையில் ஒரு கோடி. ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டுகளுக்கு 5 சதவீதம் கமிஷன் என்று வைத்தால் அதில் 5 லட்சம் போய்விடும். மீதி 95. மாத வட்டி 30 லட்சம். மூன்று மாதம் கொடுத்தால் 90 லட்சம் காலி, பெட்டியில் 5 லட்சம் இருக்கும். நான்காம் மாதம் 25 லட்சம் துண்டு விழும். அதை அடைக்க 27 புது ஆட்கள் வேண்டும். இப்போது 127 பேருக்கு வட்டி கொடுக்க வேண்டுமே? ஐந்தாம் மாதம் 40 பேர், ஆறாம் மாதம் 53 பேர், ஏழாம் மாதம் 69 பேர் சேர வேண்டும். இதே வேகத்தில் போனால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் உறுப்பினர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டியாக வேண்டும். இதில் முதலாளி தனக்கென்று ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, அலுவலக வாடகை கொடுக்கவில்லை, யாருக்கும் அசலைத் திருப்பவில்லை. அப்படிப்பட்ட உத்தமர் நடத்தினாலே கணக்கு இதுதான்.

"மூணு மாசம் கரெக்டா வந்துச்சே சார்" என்பார்கள். வராமல் என்ன செய்யும்? உங்கள் லட்சத்திலிருந்து 90 ஆயிரத்தைத்தான் மூன்று தவணையாக உங்களுக்கே கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்றாம் மாதம்தான் மிகவும் ஆபத்தான மாதம். மச்சினியின் நகை அடகுக்குப் போவதும், ஓய்வுபெற்ற அப்பாவின் பி.எஃப். பணம் வெளியே வருவதும் அப்போதுதான். முதலில் கட்டியது ஒரு லட்சமாக இருக்கும், மாட்டிக்கொள்வது பத்து லட்சமாக இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மாதம் 30 சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு என் பணம் எதற்கு? பத்து லட்சத்துக்கு நகைக் கடன் வாங்கி, வரும் லாபத்தை அதிலேயே திரும்பப் போட்டால் இரண்டு வருடத்தில் 54 கோடி ஆகிவிடும். அப்படிப்பட்டவர் நம் வீட்டுக் காலிங் பெல்லை ஏன் அழுத்துகிறார்?

கண்ணுக்கு ஒரு பொருள் தெரிந்தால் இந்தக் கேள்வியும் எழாது. 2012-ல் பெருந்துறையில் சுசி ஈமு ஃபார்ம்ஸ் விழுந்ததே, நினைவிருக்கிறதா? ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமு குஞ்சுகள், கொட்டகை, தீவனம், மாதம் 6,000, வருடத்துக்கு 20,000 போனஸ். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 61 சதவீதம். கொட்டகையில் பறவை நிற்கிறது, தீனி தின்கிறது, அதனால் இது விவசாயம் என்று நம்பினார்கள். ஈமு கறியை யார் வாங்குகிறார்கள் என்று சந்தையில் போய் விசாரித்தவர் குறைவு. இதைவிடப் பெரிய வேடிக்கை, அவர்களிடம் வி.ஐ.பி. திட்டம் என்றும் ஒன்று இருந்தது. பறவையை நீங்கள் வளர்க்கவே வேண்டாம், கம்பெனியே வளர்த்துக்கொள்ளும், மாதம் 7,000 வரும்! உழைக்கிறவருக்கு 6,000, உட்கார்ந்திருக்கிறவருக்கு 7,000. அந்த ஒரு வரியிலேயே குட்டு உடைந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது ஆசை. கணக்குத் தெரிந்தால் தப்பிக்கலாம். இப்போது கணக்கு உதவாத வழக்குக்கு வருகிறேன்.

1906 அக்டோபர் 22. மெட்ராஸில் பாரி, பின்னி போன்ற பெரிய வணிக நிறுவனங்களுக்குச் சமமாகப் பேசப்பட்ட, வங்கியும் நடத்திய ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பணம் வர வேண்டியவர்கள் சுமார் 7,000 பேர். அவர்கள் யாரும் மாதம் 30 சதவீதம் கேட்டவர்கள் அல்ல. பத்திரமாக இருக்கட்டும் என்று சேமிப்பைப் போட்டு வைத்தவர்கள். நடத்தியவர் சர் பட்டம் வாங்கிய ஜார்ஜ் ஆர்பத்நாட். வெள்ளைக்காரர் கம்பெனி, கடற்கரைச் சாலையில் கட்டடம், தலைமுறை தலைமுறையாக வந்த பெயர். யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பணத்தைக் கரைத்திருந்தார். அவர் ரயில் முன் விழுந்து இறந்தார். ஆர்பத்நாட் மோசடி வழக்கில் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த அடியிலிருந்துதான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முயன்று 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கியைத் திறந்தார்கள்.

2008 டிசம்பரில் நியூயார்க்கில் பிடிபட்ட முதலீட்டு மோசடிக்காரர் பெர்னார்ட் மேடாஃபும் இதே ரகம்தான். வருடத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம், அதுவும் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் சீராக வந்தது. வட்டி விகிதத்தை மட்டும் பார்ப்பவர் இதைத் தாராளமாகத் தேர்ச்சி போட்டுவிடுவார்.

ஆக, நம்பிக்கையைச் சோதிக்கக் காகிதம்தான் கேட்க வேண்டும். எந்தக் காகிதம் என்பதில்தான் ஏமாற்று வேலையே. வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் கம்பெனிப் பதிவுச் சான்றிதழும் ஜி.எஸ்.டி. சான்றிதழும். இரண்டும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி தருவதில்லை. பெயர்ப் பலகையில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்து, ரிசர்வ் வங்கியின் டெபாசிட் அனுமதியும் இல்லையென்றால் கம்பெனிச் சட்டப்படி வெளியாரிடம் டெபாசிட் வாங்கவே கூடாது. அனுமதி உள்ள நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வட்டி உச்சவரம்பு வருடத்துக்கு 12.5 சதவீதம்தான். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'கடன் ஒப்பந்தம்' என்று எழுதிக் கொடுப்பதெல்லாம் அனுமதி ஆகாது. அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'சாசேத்' இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சீட்டு என்றால் பதிவுத் துறையில் அந்தக் குறிப்பிட்ட சீட்டு பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைக் கட்டிய பிறகே சீட்டைத் தொடங்க முடியும். அவருடைய கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தி.நகர் நகைக் கடைச் சீட்டுகள் பதினோரு மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர் செய்யாவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். பதினைந்து மாதத் திட்டம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கேட்கவிடாமல் செய்வது ஒரே ஆள். சித்தப்பா மகன், அடுக்குமாடிச் செயலாளர், கோயில் கமிட்டிக்காரர். கம்பெனியை யாரும் நம்புவதில்லை, அவரை நம்பித்தான் கட்டுகிறோம். அவரும் பெரும்பாலும் சொந்தப் பணத்தைப் போட்டவர்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் "தம்பி, இதுல உனக்கு எத்தனை பர்சென்ட்?" என்று கேட்பதில் தப்பில்லை. உறவு கெடும் என்று தயங்குவோம். பணம் போன பிறகு அந்த உறவு எப்படி இருக்கிறது என்று பாதிக்கப்பட்ட குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால்? தமிழ்நாட்டில் 1997-லிருந்தே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டுப் பங்கிடலாம், பத்தாண்டு வரை சிறையும் உண்டு. மெதுவாகத்தான் நடக்கும். புகார் கொடுத்தவர் பெயர்தான் பட்டியலில் ஏறும். "கம்ப்ளைண்ட் கொடுத்தா பணம் வராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைக் கேட்டுக் காத்திருந்தவர்கள் அங்கேதான் பின்தங்குகிறார்கள். ஒப்பந்தப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரம், ஏஜெண்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். ரொக்கமாகக் கட்டியவர்கள் கட்டிய தேதி, இடம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை மறப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டும்.

புகார் கொடுத்த சில வாரத்தில் இன்னொரு அழைப்பு வரலாம். "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்பார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டே ஆடுகிற இரண்டாவது ஆட்டம் அது. எந்த நீதிமன்றமும் போனில் கட்டணம் கேட்டுப் பணம் தருவதில்லை. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லிவிடுங்கள். வணக்கம்.