பர்பெக்: மேட்டில் மிதித்து, விளிம்பில் நடந்து

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட்டில், பர்பெக் என்றொரு சிறிய தீபகற்பம் இருக்கிறது. வடக்கே ஃப்ரோம் ஆறும் பூல் துறைமுகத்தின் அகன்ற நீர்ப்பரப்பும். கிழக்கிலும் தெற்கிலும் ஆங்கிலக் கால்வாய். குன்று, கோட்டை, கல் குவாரி, கடல் எல்லாம் ஒரே நாளில் மிதித்துத் தீர்க்கக்கூடிய தூரத்துக்குள் அடங்கிய நிலம் அது. மலைச் சைக்கிள் வைத்திருக்கும் யார் என்னிடம் எங்கே போகலாம் என்று கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். வரைபடத்தில் கடலைக் கண்டதும், கரையை ஒட்டியே ஓட்டிப்போகலாம் என்று மனம் ஓடும். வேண்டாம். பர்பெக்கில் சைக்கிளுக்கு உரியது மேடு. கடல் விளிம்பு காலுக்கு உரியது.

இது என் சொந்த ரசனை மட்டுமல்ல, சட்டமும் அப்படித்தான். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பொதுவழிகள் பல வகை. நடப்பவர்களுக்கு மட்டுமான ஒற்றையடிப் பாதை ஒன்று. குதிரையும் போகலாம் என்ற பாதை இன்னொன்று; அதை பிரைடில்வே என்கிறார்கள். 1968-இல் வந்த கிராமப்புறச் சட்டம்தான் பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமையை நமக்குத் தந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். அன்றைக்கு மலைச் சைக்கிள் என்ற பொருளே சந்தைக்கு வரவில்லை. ஆனாலும் இன்று நாம் குன்றுகளில் அனுபவிக்கும் சுதந்திரத்தின் பெரும்பகுதி அந்த ஒரு பிரிவிலிருந்து வருகிறது. 1,014 கிலோமீட்டர் நீளமுள்ள தென்மேற்குக் கடலோரப் பாதை பர்பெக்கின் ஸ்டட்லண்ட் கரையில் வந்து முடிகிறது. அது பெரும்பாலும் நடப்பவர்களுக்கான பாதை. படிக்கட்டுகளும் குறுகலான விளிம்புகளுமாக இருக்கும் அந்த வழியில் சைக்கிளைக் கொண்டுபோவதில் சுகமும் இல்லை.

ஆகவே கிளம்புமுன், பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை விரித்துவையுங்கள். பர்பெக்குக்கு உரியது ஓஎல்15. அதில் பச்சையில் சின்னச் சின்னக் கோடுகளாகப் போவது நடைபாதை, நீண்ட கோடுகளாகப் போவது பிரைடில்வே. அந்த நீண்ட கோடுகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போங்கள். உங்கள் பயணத்தை அவையே போட்டுக் கொடுக்கும்.

அப்படித் தொட்டுப் பார்த்தால் நிலத்தின் அமைப்பும் புரியும். கிழக்கு மேற்காக நீளும் குன்றுத்தொடர் ஒன்று. அது வெள்ளைச் சுண்ணப்பாறை. அதற்குத் தெற்கே பள்ளத்தாக்கு, களிமண். அதற்கும் தெற்கே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அதன் முடிவில்தான் கடல். வடக்கே மணலும் புதரும் மண்டிய ஹீத். நான்கு நிலமும் டயருக்கு நான்கு விதம். வெள்ளைப் பாறை காய்ந்திருந்தால் வேகமாகப் போகலாம். மழை பெய்தால் சோப்பு தடவியதுபோல் வழுக்கும். அதில் பொதிந்திருக்கும் சிக்கிமுக்கிக் கல்லின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டுவது இங்கே மிகவும் பயன்படும். அப்படியும் ஒரு டியூப் பையில் இருக்கட்டும். களிமண் பகுதியை மழைக்காலத்தில் தவிர்த்துவிடுங்கள். சக்கரம் சுற்றாத அளவுக்கு மண் அப்பிக்கொள்ளும்.

முதலில் அந்த வெள்ளைத் தொடர். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் மேற்கில் ஏறிக் கிழக்கே ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். வேர்ஹாம் ஊரிலிருந்து கிரீச் வழியாகத் தெற்கே போனால் செங்குத்தான ஏற்றம் ஒன்று வரும். அதன் உச்சியில் கிரேஞ்ச் ஆர்ச். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பண்ணை முதலாளி, தன் மாளிகையிலிருந்து பார்த்தால் வானத்தோடு அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே கட்டிய கல் வளைவு. அங்கிருந்து கோர்ஃப் கோட்டை வரை சுமார் ஐந்து கிலோமீட்டர் மேட்டு முதுகிலேயே ஓட்டம். இடப்பக்கம் ஹீத்தும் பூல் நீர்ப்பரப்பும், வலப்பக்கம் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் கடலும்.

கோர்ஃப் வந்ததும் இறங்கி நில்லுங்கள். குன்றுத்தொடரை இரண்டு ஓடைகள் அறுத்ததால் நடுவில் ஒரு தனிக் குன்று மிஞ்சியது. பள்ளத்தாக்கையும் ஹீத்தையும் இணைக்கும் வாசல் அந்த இடைவெளிதான். அதைக் காவல் காப்பவர் கையில் பர்பெக் இருக்கும். 978-இல் இளம் அரசர் எட்வர்ட் கொல்லப்பட்டது இந்தக் கோர்ஃபில்தான். இன்று நாம் பார்க்கும் கற்கோட்டை அதற்குப் பிறகு நார்மன்கள் எழுப்பியது. உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற மேரி பேங்க்ஸ் அம்மையார் கோட்டையைப் பாராளுமன்றப் படைக்கு விட்டுக்கொடுக்காமல் தாக்குப்பிடித்தார். 1646-இல் உள்ளிருந்த ஓர் அதிகாரியே எதிரியை உள்ளே விட்டதால் கோட்டை விழுந்தது. பிறகு பாராளுமன்றம் அதை வெடிமருந்து வைத்துத் தகர்க்க ஆணையிட்டது. சாய்ந்து நிற்கும் கோபுரங்கள் அந்த வெடியின் விளைவு. சிதறிய கல்லைக் கீழே ஊரில் இருந்தவர்கள் வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். எனவே கோட்டையைப் பார்த்துவிட்டு ஊர்த்தெருவையும் ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். கோட்டையின் ஒரு பங்கு அந்தச் சுவர்களிலும் இருக்கிறது.

கோர்ஃபிலிருந்து மறுபடியும் ஏற்றம். நைன் பாரோ டவுன் என்ற குன்று, 199 மீட்டர் உயரம். வெண்கலக் காலத்து மக்கள் தங்கள் இறந்தோரைப் புதைத்த மேடுகள் பாதையோரத்தில் புல் மூடிக் கிடக்கின்றன. அவற்றின் மேல் சக்கரம் ஏற்றாதீர்கள், தயவுசெய்து. தாவிக் குதிக்க வசதியான மேடுபோலத் தோன்றும், அது கல்லறை. பிறகு அல்வெல் இடைவெளியில் இறங்கி, சாலையைக் கடந்து, பல்லர்ட் டவுன் ஏறினால் குன்றுத்தொடர் கடலில் போய் முடிவதைப் பார்க்கலாம். அங்கே நிற்கும் வெள்ளைத் தூண்கள்தான் ஓல்ட் ஹாரி பாறைகள். தெளிவான நாளில் எதிரே வைட் தீவின் நீடில்ஸ் பாறைகள் தெரியும். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே தொடர். நடுவே இருந்ததைக் கடல் தின்றுவிட்டது. கோர்ஃபிலிருந்து இதுவரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். ஆனால் அரை நாள் ஒதுக்குங்கள். பாறை விளிம்பு நெருங்கும்போது சைக்கிளை விட்டு இறங்கிவிடுங்கள். தடுப்பு கிடையாது, நடப்பவர்கள் கூட்டம் அதிகம், விளிம்பு எந்த நேரமும் சரியலாம்.

இரண்டாவது பகுதி தெற்கே உள்ள சுண்ணாம்புக்கல் நாடு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஸ்வானேஜிலிருந்து வொர்த் மாட்ராவர்ஸ் ஊர் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளும் பிரீஸ்ட்ஸ் வே, இரண்டு ஊர்த் தேவாலயங்களுக்கும் பூசை செய்ய ஒரே பாதிரியார் நடந்து போன வழி. ஏற்றம் குறைவு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், புதிதாக மலைச் சைக்கிள் வாங்கியவர்களுக்கும் ஏற்றது. இருபுறமும் இன்றும் கல் வெட்டுகிறார்கள். வழியில் ஸ்பைவே அருகே கீட்ஸ் குவாரி வரும். 1997-இல் அங்கே கல் வெட்டும்போது டைனோசர்களின் கால்தடங்கள் வெளிப்பட்டன, நூற்றுக்கும் மேல். நீண்ட கழுத்துள்ள பெரிய விலங்குகள் ஏறக்குறைய 14 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சேற்றுக் கரையில் நடந்து போன தடம். கட்டணம் இல்லை, வாசற்காவல் இல்லை. குனிந்து கையை வைத்துப் பார்க்கலாம்.

இதே நிலத்தில்தான் பர்பெக் மார்பிள் கிடைத்தது. உண்மையில் அது நன்னீர் நத்தைக் கூடுகள் இறுகி உண்டான சுண்ணாம்புக்கல், மெருகேற்றினால் பளபளக்கும். சாலிஸ்பரி பேராலயத்தின் கரிய மெல்லிய தூண்கள் இந்தக் கல். இன்று நாம் பொழுதுபோக்குக்கு மிதிக்கும் வழிகள் பலவற்றை முதலில் தேய்த்தது அந்தக் கல்லை இழுத்த வண்டிகள்தான்.

வொர்த்துக்கு அப்பால் செயின்ட் ஆல்டெம் முனை. அங்கே நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்று, சதுரமாக, நடுவில் ஒற்றைத் தடித்த தூணோடு நிற்கிறது. பக்கத்திலேயே ரேடார் நினைவுச்சின்னம். 1940 முதல் 1942 வரை பிரிட்டனின் ரேடார் ஆராய்ச்சி இந்த ஊரில்தான் நடந்தது. அங்கிருந்து கீழே கடலோரக் குவாரிகளுக்குப் போக ஆசை வரும். சைக்கிளைப் பூட்டிவிட்டு நடங்கள்.

நல்ல கால்வலு உள்ளவர்கள் மேற்கே ஸ்வயர் ஹெட் என்ற குன்றில் ஏறி, ஸ்மெட்மோர் குன்றின் முதுகில் ஓட்டி, கிம்மரிட்ஜ் இறங்கலாம். 208 மீட்டரிலிருந்து கடல்மட்டம் வரை. கிம்மரிட்ஜில் 1959-இல் தோண்டிய எண்ணெய்க் கிணறு ஒன்று உண்டு. குடா மேல் நிற்கும் கிளேவல் கோபுரம் 1830-இல் கட்டப்பட்டது. விளிம்பு அரித்துக்கொண்டே வந்ததால், 2006 முதல் 2008 வரை அதைக் கல் கல்லாகப் பிரித்து 25 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இந்தக் கரை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிம்மரிட்ஜுக்கு மேற்கே ராணுவத்தின் சுடும் எல்லை. டைனம் கிராமத்து மக்கள் 225 பேரை 1943 டிசம்பரில் போர்ப் பயிற்சிக்காக வெளியேற்றினார்கள். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில், வீடுகளையும் தேவாலயத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். யாரையும் திரும்பக் குடியேற விடவில்லை. பெரும்பாலான வார இறுதிகளில் சாலை திறந்திருக்கும், போய்ப் பார்க்கலாம். செங்கொடி பறந்தால் பயிற்சி நடக்கிறது, திரும்பிவிடுங்கள். திறந்திருக்கும் நாளிலும் சாலையை விட்டு இறங்கவே கூடாது. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருக்கின்றன.

ஹீத் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடு இல்லை, அகலமான வழிகள், மழை நாளிலும் ஓட்டலாம். 1806-இல் களிமண்ணைத் துறைக்குக் கொண்டுசெல்லக் குதிரைகள் இழுத்த மிடில்பியர் தண்டவாளத்தின் தடம் இன்னும் இருக்கிறது. பிரிட்டனின் ஆறு வகை ஊர்வனவும் இந்தப் புதர்களில் வாழ்கின்றன, நைட்ஜார் பறவை தரையிலேயே முட்டையிடுகிறது. பாதையை விட்டு ஒரு கெஜம்கூட விலகாதீர்கள்.

ஓட்டும் முறை பற்றி இரண்டு வார்த்தை. எதிரே குதிரை வந்தால் தூரத்திலேயே "குட் மார்னிங்" என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. ஓசையில்லாமல் பின்னால் வந்து நிற்கும் சைக்கிள்தான் அதற்குப் பயம். வழியில் வேலிக் கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி. ஈ. லாரன்ஸ் இந்தப் பக்கத்தில்தான் குடியிருந்தார். 1935-இல் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமலிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் அதன்பின் தலைக்கவசம் பற்றி ஆராய்ந்தார். ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட் அணியும் வழக்கத்துக்கு அந்த ஆய்வு பெரிய காரணம். லாரன்ஸின் உருவச்சிலை வேர்ஹாமின் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் இருக்கிறது.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வெய்மத் போகும் ரயில் வேர்ஹாமில் நிற்கும். சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டுமா என்று ரயில் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். போர்ன்மத் பக்கமிருந்து வருகிறவர்கள் சாண்ட்பேங்க்ஸ் சங்கிலிப் படகில் சைக்கிளோடு ஏறி ஸ்டட்லண்டில் இறங்கலாம். முடிந்தால் ஈஸ்டருக்கு முன் வரும் ஷ்ரோவ் செவ்வாய்க்கிழமையில் போங்கள். அன்றைக்குக் கோர்ஃபில் கல்தச்சர் சங்கத்தார் கூடுவார்கள். முன்பு மார்பிளை ஏற்றி அனுப்பிய ஓவர் துறைக்குப் போகும் வழியின் உரிமை கைவிட்டுப் போகாதிருக்க, ஒரு கால்பந்தை உதைத்துக் கொண்டாடி, நிலத்துக்காரருக்கு ஒரு பவுண்டு மிளகு கொடுப்பது அவர்கள் வழக்கம்.

வணக்கம்.