பெஞ்சுக்கு வாடகை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசில் நகர வளர்ச்சி திருச்சபையை வளர்த்ததா, பிளந்ததா? பிளந்தது என்பதே எங்கள் அணியின் கட்சி.

"தெருவுக்குத் தெரு ஆலயம் எழும்பியதே!" என்றார் எதிரணித் தோழி. எழும்பியது, மறுக்கவில்லை. உள்ளே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள்.

நியூயார்க்கின் மக்கள்தொகை 1800இல் 60,515. 1850இல் 5,15,547. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1833 வரை போதகருக்கு வரிப்பணம் துணை இருந்தது. நியூயார்க் சபைகளுக்கு அது இல்லை. அவை பெஞ்சை நம்பின. அந்தக் காலத்துப் பெஞ்சு வெறும் நீளப் பலகை அல்ல. சுற்றிலும் மரத் தடுப்பு, அதற்கொரு சின்னக் கதவு, கதவில் எண். ஒரு குடும்பம் அதை விலைக்கு வாங்கும், அல்லது வாடகைக்குப் பிடிக்கும். விற்ற பணம் கட்டடச் செலவுக்கு, வாடகை போதகர் சம்பளத்துக்கு. நல்ல இடத்துப் பெஞ்சுக்கு விலை கூட. ஏழைக்கும் கறுப்பினத்தவருக்கும் பெரும்பாலும் மாடிதான்.

நகரம் வடக்கே நீண்டதும் வாடகை கட்டிய வியாபாரக் குடும்பங்கள் புது வீதிகளுக்குக் குடிபோயின. பெஞ்சு காலி, சம்பளம் பாக்கி. ஆலயத்தைச் சுற்றி ஆள் இல்லாமலா போயிற்று? கூலிவேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களால் வாடகை கட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

ஃபிலடெல்பியாவில் கறுப்பினத்தவர் கட்டிய பெத்தேல் ஆலயத்தையும் தோழி சாட்சிக்கு அழைத்தார். அது எப்படிப் பிறந்தது? செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரான அப்சலோம் ஜோன்ஸை, ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் பிடித்து எழுப்பினார்கள். கறுப்பினச் சபையார் மொத்தமாக வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் பழைய கொல்லன் பட்டறை ஒன்றை வாங்கி, குதிரைகள் பூட்டி ஆறாம் தெரு மனைக்கு இழுத்து வந்து, 1794இல் ஆலயமாக்கினார். அவர்கள் விசுவாசத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அவமானப்பட்டு வெளியேறியவர்கள் கட்டிய ஆலயத்தை வளர்ச்சிக் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

இலவச இருக்கைச் சபைகள் வந்தனவே என்பீர்கள். வந்தன. 1832இல் நியூயார்க்கின் சாத்தம் தெரு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள்; எழுப்புதல் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி அங்கே பிரசங்கித்தார், பெஞ்சுக்குக் காசு இல்லை. அங்கும் கறுப்பினத்தவருக்குத் தனி இடம்தான்.

கடைசியாக ஒரே ஒரு மனை, நடுவர் அவர்களே. நியூயார்க்கின் பீக்மன் தெருவில் 1768 முதல் நின்றது பிரிக் பிரஸ்பிட்டேரியன் ஆலயம். சுற்றிலும் வியாபாரம் பெருகியது, மனை விலை ஏறியது. சபை இடத்தை விற்றுவிட்டு வசதியானவர்கள் குடியேறிய ஐந்தாம் அவென்யூவுக்குப் போய், 1858இல் 37ஆம் தெரு முனையில் புது ஆலயம் திறந்தது. பழைய மனையில் எழும்பியது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் கட்டடம். வடக்கே போக வழியில்லாதவர்கள் தெற்கே பழைய நகரத்திலேயே இருந்தார்கள். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எதிரணி சொல்லட்டும்.