ஆச்சி, விழுந்துருவீங்க!

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, வணக்கம். 'முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு முதல் தேவை ஓய்வா, பயிற்சியா?' இதுதான் தலைப்பு. பயிற்சியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். "அறுபது வருஷம் ஓடி ஓடி உழைத்த உடம்பு. இனியாவது காலை நீட்டி உட்காரட்டுமே. இந்த வயதில் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று பாடாய்ப் படுத்தலாமா?" என்றார். அவர் பேச்சில் அன்பு இருந்தது. அதே அன்பு என் பெரியம்மாவை என்ன செய்தது என்று சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் இல்லத்தில் இருக்கிறார். வயது 81. சேர்ந்தபோது கம்பு ஊன்றித் தானே நடந்தவர். அங்கே எழுந்தால் போதும், "ஆச்சி, விழுந்துருவீங்க, உக்காருங்க" என்று ஒரு குரல் வரும். சாப்பாடு கட்டிலுக்கே வந்தது. குளிக்கப் போகச் சக்கர நாற்காலி. நாலே மாதத்தில் கழிப்பறைக்குப் போக இரண்டு பேர் தூக்க வேண்டியதாகிவிட்டது. ராத்திரி ஆளைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். நா வறண்டு படுத்துக் கிடந்தார் ஐயா. யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. உட்காருங்க என்று மட்டும்தான் சொன்னார்கள்.

2007-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. பத்து நாளுக்கே இந்தக் கதி என்றால் நாலு மாதத்துக்கு?

சரி, போன வலு திரும்புமா? 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமலே நடந்தார்கள். தொண்ணூறு வயதில்!

"விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று எதிரணியில் அடுத்துப் பேசிய அம்மா கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் வலுவிழந்த கால்தானே முதலில் தடுமாறுகிறது? 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்யவேண்டும், விழாமல் இருக்க அது உதவும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறது. மருத்துவர் பார்த்துச் சொன்ன அளவில், பக்கத்தில் ஆள் நிற்கச் செய்யட்டும்.

பெரியம்மாவுக்கு அப்படித்தான் தொடங்கியது. இயன்முறை மருத்துவம் படித்த ஒரு பெண் வந்தாள். நாற்காலி நகராமல் சுவரோடு ஒட்டிப் போட்டாள். "ஆச்சி, கையை மார்ல கட்டிக்கிட்டு எந்திரிங்க பாப்போம்" என்றாள். பெரியம்மாவின் கால்விரல்கள் தரையை இறுகப் பிடித்தன. முழங்கால் இரண்டும் நடுங்கின. ஒரு சாண் எழுந்து மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார். அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாவது வாரம் முழுசாக எழுந்து நின்றார்.

மனதுக்கும் பயிற்சி வேண்டும் நடுவர் அவர்களே. நாள் முழுக்கத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக உட்கார வைப்பது மனதுக்குப் போடும் சக்கர நாற்காலி. அந்த இல்லத்துக்கு நான் ஒரு பல்லாங்குழி வாங்கிக்கொண்டு போனேன். பதினாலு குழி. எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அங்கே ஒரு பாட்டிக்கு மகள் பேரே மறந்துபோயிருந்தது. குழியில் நாலு முத்து சேர்ந்ததும் "பசு!" என்று கையை நீட்டி அள்ளினார். மறதி நோய் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பெரியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தார். அந்தச் சொம்பை நினைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.