தூங்க வைக்கும் விஷம்

நண்பர்களே, எலி மருந்து என்றதும் ரத்தம் உறையாமல் தடுத்து, நாலைந்து நாளில் கொல்லும் வகைதான் பலருக்கு நினைவு வரும். நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி: ஆல்ஃபா குளோராலோஸ். குளோராலையும் குளுக்கோஸையும் சேர்த்துச் செய்வது. ஆய்வுக்கூடங்களில் விலங்குகளுக்கு மயக்க மருந்தாக நெடுங்காலம் பயன்பட்டது. அதையேதான் சுண்டெலிக்கும் பறவைக்கும் வைக்கிறார்கள்.

வலியில்லாமல் தூங்கியே போய்விடும் என்பார்கள். பாதி உண்மை. மருந்து மூளையை மந்தமாக்குகிறது. உடம்பு தன் சூட்டைக் காக்க முடியாமல் போகிறது. அண்டா வெந்நீரைவிட டம்ளர் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும் அல்லவா? இருபது கிராம் சுண்டெலியும் அப்படித்தான். விஷத்தோடு குளிரும் சேர்ந்துதான் அதைக் கொல்கிறது. அதனால்தான் ஏறக்குறைய 16 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்த மருந்து சரியாக வேலை செய்வதில்லை. வெயில் காலத்தில் வைத்துவிட்டு மருந்து போலி என்று திட்டுவதில் பயனில்லை.

சரி, மயங்கிய எலி எங்கே போகிறது? தள்ளாடிக்கொண்டு வெளியே வருகிறது. பூனைக்கு இதைவிட எளிய வேட்டை உண்டா? 2019 வாக்கில் ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் கால்நடை மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான அறிகுறிகளோடு பூனைகள் வர ஆரம்பித்தன. கால் பின்னுகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, கண்மணி சுருங்கியிருக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுகிறது, சிலவற்றுக்கு வலிப்பு. அப்புறம்தான் அங்கே பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தி, பயிற்சி பெற்றவர்கள் கைக்கு மட்டும் விட்டார்கள். அது முன்பே நடந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த விஷத்துக்கென்று முறிவு மருந்து கிடையாது. சூடு கொடுத்து, மூச்சையும் வலிப்பையும் கவனித்தால் பெரும்பாலான பூனைகள் ஓரிரு நாளில் தேறிவிடும். நியாயமாகச் சொன்னால், இது உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மருந்துகளோ ஈரலில் மாதக்கணக்கில் தங்கி, எலியைத் தின்ற ஆந்தைக்குள்ளும் சேர்கின்றன.

பறவை விஷயம் இன்னும் மோசம். புறாக்களை மயக்கிப் பிடிக்கத் தானியத்தில் கலந்து வைப்பார்கள். மற்றப் பறவைகளை மட்டும் விடுவித்துவிடலாம் என்பது ஏற்பாடு. ஆனால் எந்தப் பறவை எத்தனை தானிய மணி கொத்தும் என்று யார் அளப்பது? சிட்டுக்குருவி போன்ற சிறு பறவைக்கு அளவு மீறிவிடும். மயங்கியது தண்ணீரில் விழுந்தால் மூழ்கும், வெட்டவெளியில் கிடந்தால் குளிரில் விறைக்கும். பிரிட்டனில் செத்த பிராணியின் மேல் இதைத் தடவிப் பருந்துகளைச் சட்டவிரோதமாகக் கொன்றவர்களும் உண்டு.

மனிதர் விழுங்கினாலும் ஆழ்ந்த மயக்கமும் தசை வெட்டியிழுப்பும் வரும். நீர்வாழ் உயிர்களுக்கு இது கடும் நஞ்சு. மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்டவே கூடாது.

வைத்தே ஆக வேண்டுமென்றால், கட்டடத்துக்குள், பூட்டிய பெட்டியில், கையுறையோடு வையுங்கள். செத்த எலிகளைத் தினமும் தேடி எடுங்கள். பூனை தள்ளாடினால் அதைக் கம்பளியில் சுற்றி, மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். உறையிலுள்ள பெயரைப் பார்த்தால்தான் அவர் எந்தச் சிகிச்சை என்று சட்டென முடிவு செய்ய முடியும்.